கரமனை ஆற்றில் நின்ற என் அண்ணன்

என் அண்ணனுக்குக் கைக்கடிகாரம் என்றாலே ஆகாது. திருவனந்தபுரம் ஆரியசாலையில் கருப்பட்டி மொத்தக்கடை நடத்திய காலத்திலும் அவன் கட்டியதில்லை. எதிர்க்கடைக்காரர் சாக்கு விரித்தால் காலை, மூட்டை தூக்கும் சுமட்டுக்காரர்கள் சோற்றுப் பொதியைப் பிரித்தால் மதியம், பக்கத்துக் கடை ஷட்டர் கடகடவென்று இறங்கினால் வீட்டுக்குப் போகும் நேரம். அப்படிப்பட்டவன் கையில் எழுபது வயதுக்கு மேல் ஒரு ஸ்மார்ட்வாட்சை மாட்டிவிட்டால் சும்மா இருப்பானா? "ஏட்டி செண்பகம், இந்த வெலங்கை எப்ப அவுத்து விடப்போற?" என்று சிங்கப்பூரில் தினமும் காலைக் காப்பியோடு கேட்பான்.

அண்ணி போன பிறகு அண்ணனின் நினைவு கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றுகொண்டது. கடையை அவன் மகன் விற்றான். அண்ணனை நான் என்னோடு சிங்கப்பூருக்குக் கூட்டிவந்தேன். வந்த புதிதில் ஒரு நாள், "கடையத் திறக்கணும்" என்று லிஃப்டில் இறங்கிப் போய்விட்டான். ஊர் பேர் தெரியாத ஒரு சீன அம்மாள் பஸ் நிறுத்தத்தில் அவனை உட்காரவைத்து, கையில் ஒரு ரொட்டியும் கொடுத்துக் காவல் காத்திருந்தாள். இதைக் கேள்விப்பட்டதும் துபாயில் இருக்கும் அவன் மகன் குமார் அனுப்பியதுதான் இந்த வாட்ச். அண்ணன் எங்கே நிற்கிறான் என்பதை என் போனிலும் குமாரின் போனிலும் ஒரு நீலப் புள்ளியாகக் காட்டும். பட்டையின் கொக்கியை இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் கழலும். அண்ணனுக்கு அது பிடிபடவே இல்லை.

குமார் தங்கமான பிள்ளை. ஆனால் பயந்தவன். "அத்தை, அப்பா கையில வாட்ச் இருக்கணும். அது இல்லாம இன்னொரு தடவை காணாமப் போனாங்கன்னா கோயம்புத்தூர்ல பாத்து வெச்சிருக்க ஹோம்ல சேத்திருவேன். இங்க இருந்து நெஞ்சு படபடன்னு என்னால இருக்க முடியாது" என்று சொல்லிவிட்டான். பெற்ற மகன் சொல்லும்போது அத்தைக்காரி என்ன வாதாட முடியும்? அந்த ஹோமின் படங்களை அனுப்பியிருந்தான். சுத்தமாகத்தான் இருந்தது. எல்லாக் கட்டிலும் ஒன்றுபோல இருந்தன, எல்லாச் சுவரும் ஒரே பச்சை. அந்தப் படத்துக்குள் என் அண்ணனை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

இந்த நிலையில்தான் திருவனந்தபுரத்துப் பயணம் வந்தது. அண்ணன் பெயரில் கிடந்த ஒரு பழைய வங்கிக் கணக்கை மூட அவனே நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டுமாம். "பைய கூட்டிட்டுப் போயிட்டு வாங்க அத்தை. வாட்ச் பத்திரம்" என்றான் குமார். அப்பா பத்திரம் என்று சொல்லியிருக்கலாம். அவனைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றுதான்.

முதல் நாள் தம்பானூரில் ஆட்டோவில் ஏறியதும் அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தான். மலையாளப் போர்டுகளை ஒவ்வொன்றாக உரக்க வாசிக்கத் தொடங்கினான். சிங்கப்பூரில் எத்தனையோ மாதமாக அவன் ஒரு எழுத்தைக்கூட வாசித்து நான் கேட்டதில்லை. ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்து, சேட்டனுக்கு நல்ல குரல், செய்தி வாசிக்கிறவரா என்று மலையாளத்தில் கேட்டார். "கருப்பட்டி" என்றான் அண்ணன், அதுவே போதுமான பதில் என்பதுபோல.

கையெழுத்து வேலை சுலபமாக முடிந்தது. பேனாவை எடுத்தவன் தடுமாறாமல் முழுப் பெயரையும் எழுதி, அடியில் அப்பா போடுவதுபோல ஒரு கோடும் இழுத்தான். வெளியே வந்து ஒரு சின்ன ஓட்டலில் ரசவடை சாப்பிட்டோம். ரசத்தில் ஊறி உப்பிய வடையை ஸ்பூனால் வெட்டி வாயில் வைத்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. மிளகுக் காரம் என்று அண்ணனிடம் சொன்னேன். சிங்கப்பூரில் எதுதான் கிடைக்காது? தோசை, பரோட்டா, மீன்தலைக் கறி எல்லாம் கிடைக்கும். ஆனால் இந்த வடை இந்த ரசத்தில் இந்தத் தளர்வில் ஊறிக் கிடைக்காது. அதைச் சொல்லி யாரிடம் சண்டை போடுவது?

கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு பழைய லாட்ஜில் அறை எடுத்திருந்தேன். கதவில் பழைய மாதிரிக் கொண்டியும் தொங்கு பூட்டும். மாலையில் வெளியே கிளம்பியபோது நான் பூட்டினேன். அண்ணன் பூட்டைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்தான். பிறகு விலகி நின்று என்னைப் பார்த்தான்.

எனக்கு ஒரு நிமிஷம் கழித்துத்தான் புரிந்தது. அப்பா காலத்து வழக்கம் அது. ராத்திரி கடை அடைக்கும்போது பூட்டியவர் ஒரு தடவை இழுத்துப் பார்ப்பார். பிறகு உடன் இருக்கும் இன்னொருவரும் இழுத்துப் பார்க்க வேண்டும். பாவாடை கட்டிய வயதில் நானும் எம்பி எம்பி இழுத்திருக்கிறேன். என் இழுப்புக்கு அந்தப் பூட்டு அசையக்கூட அசையாது. ஆனாலும் நான் இழுக்காமல் அப்பா தெருவை விட்டு நகர மாட்டார். ஆரியசாலையில் பாதிக் கடைகளில் இதுதான் முறை. பூட்டியது ஒருவர், பார்த்தது இருவர் என்றால் வீட்டுக்குப் போய் "பூட்டினோமா?" என்று யாரும் புரண்டு படுக்க வேண்டாம்.

நானும் இழுத்தேன். அண்ணன் இடுப்பைத் தட்டிப் பார்த்து, "சாவி இருக்கு. போலாம்" என்றான். சாவி என் கைப்பையில் இருந்தது. அவன் போட்டிருந்தது இடுப்பில் எலாஸ்டிக் வைத்த பேண்ட். ஆனாலும் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை இடுப்பைத் தட்டுவான். வேட்டி கட்டிய நாட்களில் கடைச்சாவி மடிச்சுருட்டில்தான் இருக்கும். எங்கள் சிங்கப்பூர் வீட்டுக் கதவுக்கு எண் அழுத்தும் பூட்டு. கதவு தானாகச் சாத்தி ஒரு 'டிங்' சொல்லும். அந்தக் கதவின் முன்னால் இழுக்க ஒன்றும் கிடைக்காமல் அண்ணன் நிற்பதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். எதற்கு நிற்கிறான் என்று கேட்கத்தான் எனக்குத் தோன்றவில்லை.

இரண்டாம் நாள் காலை பத்மநாபசுவாமி கோயில். ஆண்கள் சட்டை கழற்றி வேட்டி கட்டித்தான் உள்ளே போக வேண்டும். எனக்குத் தெரியாத விஷயமா? ஆனாலும் சிங்கப்பூர் புத்தி. அண்ணனுக்கு ஒரு வேட்டிகூட எடுத்துவரவில்லை. கோயில் வாசல் பக்கம் வேட்டி வாடகைக்குக் கொடுக்கும் சின்னக் கடை ஒன்று இருந்தது. கடைக்காரப் பெண் பேண்டுக்கு மேலேயே ஒரு வெள்ளை வேட்டியைச் சுற்ற வந்தாள். அண்ணன் அவள் கையைத் தட்டிவிட்டு, தானே உதறி, இழுத்து, மடித்து, ஒரு சுருட்டுச் சுருட்டினான். அவள் சிரித்து, "சேச்சி, இவங்க பழைய ஆளு, கேட்டோ" என்றாள்.

போன், வாட்ச் எதுவும் உள்ளே கொண்டுபோகக் கூடாது என்று காவலர் கையைக் காட்டினார். நான் கொக்கியை அழுத்தி வாட்சைக் கழற்றினேன். பை, போன், செருப்பு, சட்டை எல்லாவற்றையும் கவுண்டரில் கொடுக்க வேண்டும். பின்னால் வட இந்தியப் பயணிகள் கூட்டம் ஒன்று முட்டித் தள்ளியது. "அண்ணே, இதைப் பிடி" என்று வாட்சை அவன் கையில் கொடுத்து, பையைத் திறந்து மூக்குக் கண்ணாடியை எடுத்து, பையைக் கொடுத்து டோக்கனை வாங்கினேன். திரும்பியபோது அண்ணன் வெறுங்கையோடு நின்றிருந்தான். வாட்சைப் பையில் போட்டுவிட்டோம் என்று என் மனம் தானாகவே முடிவு கட்டிக்கொண்டது.

உள்ளே அண்ணன் பிரமாதமாக நடந்தான். எந்த வாசலில் தலையைக் குனிய வேண்டும், எந்த இடத்தில் கல் வழுக்கும் என்று எல்லாம் அவன் காலுக்கே தெரிந்திருந்தது. வெளியே வந்து வேட்டியை அவிழ்த்துச் சுருட்டிக் கடையில் கொடுத்தேன். பிறகு போளியும் பால்பாயசமும். போளியைப் பிய்த்துப் பாயசத்தில் தோய்த்து அண்ணன் கையெல்லாம் வழிய விட்டுச் சாப்பிட்டான். நான் தடுக்கவில்லை. அந்தக் கையில் வாட்ச் இல்லை என்பதும் என் கண்ணில் படவில்லை. பாயசம் அப்படி.

சாயங்காலம் அறையில் சார்ஜ் போடலாம் என்று தேடியபோதுதான் வாட்ச் இல்லை என்று தெரிந்தது. பையைக் கவிழ்த்தேன், மெத்தையைப் புரட்டினேன், அண்ணனின் பேண்ட் பைகளை வெளியே இழுத்தேன். போனில் பார்த்தால் புள்ளி கோட்டை வாசல் பக்கம் நின்றது, கடைசியாகப் பதிவான காலை நேரத்தைக் காட்டிக்கொண்டு. "அண்ணே, வாட்ச் எங்க?" என்றேன். இடுப்பைத் தட்டி, "இருக்கு" என்றான். "என்னத்த இருக்கு? எளவு, அங்க ஒண்ணும் இல்லியே!" என்று கத்திவிட்டேன். அவன் முகம் சுருங்கிப்போனது. கவுண்டருக்கு ஓடிப் போய்க் கேட்டேன். டோக்கனுக்கு உள்ள பொருள் எல்லாம் கொடுத்தாயிற்று, வேறு ஒன்றும் இல்லை என்றார்கள். குமாரிடம் காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டேன். அறைக்குள் தாழிட்டு, கதவை ஒட்டி என் கட்டிலை இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

மூன்றாம் நாள் விழிஞ்ஞம் போய்ப் புதுத் துறைமுகத்தையும் கப்பல்களையும் பார்ப்பதாக இருந்தது. அண்ணனுக்கு இட்டலியைப் பிட்டு வைத்துக்கொண்டிருந்தபோது துபாயிலிருந்து போன். குமாரின் குரல் உடைந்திருந்தது.

"அத்தை! அப்பா ஏன் ஆத்துக்குள்ள நிக்காங்க?"

"எந்த ஆத்துக்குள்ள?"

"கரமனை ஆறு! மேப்ல தண்ணிக்குள்ள காட்டுது அத்தை! நீங்க எங்க இருக்கீங்க? அப்பாவைப் பிடிங்க!"

நான் அண்ணனைப் பார்த்தேன். கரமனை ஆற்றுக்குள் நிற்க வேண்டியவன் சட்னியில் விரலை விட்டு நக்கிக்கொண்டிருந்தான். சிரிப்பு வந்தது. கூடவே அழுகையும் வந்தது. போனை அண்ணன் காதில் வைத்தேன். "ஆரு? குமாரா? மக்கா, சாப்பிட்டியா?" என்றான். அந்தப் பக்கம் பெருமூச்சு கேட்டது. பிறகு நான் ஒன்றுவிடாமல் சொன்னேன். குமார் கோபப்படவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"போன ரெண்டு நாள்லயே இப்படின்னா என்ன அத்தை செய்ய? இனி யோசிக்க ஒண்ணுமில்ல. கோயம்புத்தூர்க்காரங்க கிட்ட இன்னைக்கே பேசிருதேன்."

"சாயங்காலம் வரைக்கும் பொறு குமாரே. வாட்ச் கிடைக்கும். அதுக்கப்புறம் பேசு" என்றேன். எந்தத் தைரியத்தில் சொன்னேனோ தெரியாது. அவன், "சரி. தொலைஞ்சதுன்னு போட்டு வாட்சை இங்க இருந்தே பூட்டிருக்கேன். யாரும் தொறந்து ஒண்ணும் செய்ய முடியாது. எடுத்தவங்க பாத்தா உங்க நம்பர் தெரியும், கூப்பிடுவாங்க" என்றான். அவன் போட்டது என் சிங்கப்பூர் நம்பர். அந்த சிம் கார்டு டிஷ்யூ காகிதத்தில் பொதிந்து என் பர்ஸில் தூங்கிக்கொண்டிருந்தது. போனில் கிடந்தது உள்ளூர் சிம். எங்கள் குடும்பத்தின் சாமர்த்தியத்தை யாரிடம் போய்ச் சொல்ல! அதை மாற்றி உள்ளூர் நம்பரைப் போடச் சொன்னேன்.

வாட்ச் ஏன் ஆற்றுக்குப் போக வேண்டும்? தட்டைக் கழுவப் போன கை அப்படியே நின்றது. ஆற்றில் என்ன நடக்கும்? துணி துவைப்பார்கள். என்ன துணி? வாடகை வேட்டி! "இதைப் பிடி" என்று கொடுத்தால் என் அண்ணன் எங்கே பிடிப்பான்? வேட்டி கட்டியிருக்கும்போது எந்த ஆரியசாலை வியாபாரியாவது முக்கியமான பொருளைக் கையில் பிடிப்பானா? மடியில் சுருட்டியிருக்கிறான். நேற்று நான் கத்தியபோது அவன் இடுப்பைத் தட்டி உண்மையைத்தான் சொல்லியிருக்கிறான். "அண்ணே, மன்னிச்சுக்கோ" என்றேன். எதற்கு என்று அவன் கேட்கவில்லை. இன்னும் ஒரு இட்டலி கேட்டான்.

கோயில் வாசல் கடைக்காரப் பெண் நெற்றியில் அடித்துக்கொண்டாள். வேட்டிகள் எல்லாம் ஆரியசாலை முதலாளியுடையவை, சாயங்காலம் துவைக்கப் போகும், மறுநாள் அவர் கடைக்கே திரும்பும் என்றாள். துவைக்கும் இடத்துக்கு வழி சொன்னாள். ஆட்டோ பிடித்தோம். டிரைவர் இளவயசுக்காரர், என் போனில் இருந்த மேப்பையே நம்புவேன் என்று அடம்பிடித்தார். மேப் எங்களை ஒரு சந்துக்குள் விட்டு, ஒரு வீட்டுச் சமையல்கட்டுச் சுவரில் கொண்டுபோய் முட்டியது. உள்ளிருந்து ஒரு அம்மாள் கரண்டியோடு எட்டிப் பார்த்து, யாரைத் தேடுகிறீர்கள் என்று மலையாளத்தில் கேட்டாள். ஒரு வாட்ச் என்றார் டிரைவர். இங்கே ஒரு வாட்சும் வரவில்லை என்று அவள் பொறுமையாகப் பதில் சொன்னாள். ஆட்டோவைப் பின்னால் எடுக்க இடமில்லாமல் எல்லோரும் இறங்கித் தள்ளினோம். அண்ணனும் தோள் கொடுத்துத் தள்ளினான். சரக்கு வண்டி தள்ளும்போது பாடும் அந்தப் பழைய 'ஏலேலோ ஐலசா'வை அவன் வாயில் கேட்டு எத்தனை வருஷமாயிற்று!

ஆற்றங்கரையில் கயிறு கயிறாக வெள்ளை வேட்டிகள் காய்ந்துகொண்டிருந்தன. துவைக்கும் அண்ணாச்சி எங்களைப் பார்த்ததுமே, வாட்சா என்று கேட்டுவிட்டார். வேட்டியை உதறாமல் தண்ணீரில் போடும் வழக்கமே இல்லையாம். மடிச்சுருட்டில் மாத்திரைப் பட்டை வந்திருக்கிறது, மோதிரம் வந்திருக்கிறது, ஒரு தடவை யாருடைய பல்செட்டோ கூட வந்திருக்கிறது என்றார். வாட்ச் நனையவில்லை. ஆனால் திடீரென்று அது வெளிச்சம் போட்டு வெளிநாட்டு நம்பர் ஒன்றைக் காட்டியதும் பயந்துபோயிருக்கிறார். நமக்கு எதற்கு வம்பு என்று, காய்ந்த துணிக் கட்டோடு வைத்து முதலாளி கடைக்கே ஏற்றி அனுப்பிவிட்டார். நாங்கள் சமையல்கட்டுச் சுவரில் முட்டிக்கொண்டிருந்த நேரத்தில்தான் அது போயிருக்கிறது.

மழை பிடித்துக்கொண்டது. அண்ணனுக்கு மதியச் சோறு கொடுத்து, கொஞ்சம் படுக்கவைத்துக் கிளம்புவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. போனில் புள்ளி ஆரியசாலையில் நின்றது. எனக்கு என்னவோ செய்தது. உலகத்தில் எத்தனை தெரு இருக்கிறது, இந்த வாட்சுக்குப் போய் உட்கார எங்கள் தெருதானா கிடைத்தது?

ஆரியசாலையை ஒட்டிய சாலைக் கடைத்தெருவில் இறங்கி நடந்தோம். வற்றல் மிளகாய் நெடி மூக்கில் ஏறியதும் அண்ணன் என் கையை விட்டு முன்னால் போனான். நான் ஓடிப் பிடித்தேன். எங்கள் வயதில் இந்தத் தெருவில் பாதிச் சத்தம் தமிழ்தான். திருநெல்வேலி வெங்காயம், நாகர்கோவில் தேங்காய், உடன்குடிக் கருப்பட்டி எல்லாம் அந்தந்த ஊர்ப் பேச்சோடுதான் வந்து இறங்கும். லாரியிலிருந்து கருப்பட்டிச் சிப்பம் இறங்கும்போது ஓலையின் வாசனை வீடுவரை வரும். அம்மா எங்கள் பள்ளிப் பைகளில் எறும்பு தட்டுவாள். மழைக்காலத்தில் கருப்பட்டி கசிந்து கடை வாசல் முழுக்கப் பிசுபிசுக்கும், செருப்பு ஒட்டிக்கொண்டு வராது. அந்தப் பிசுபிசுப்பை மறுபடி ஒரு தடவை மிதிக்க வேண்டும்போல இருந்தது. சிங்கப்பூரில் எங்கள் குடியிருப்புப் பேட்டைத் தரையில் சோறு போட்டுத் தின்னலாம். தின்ன யாருக்கு ஆசை?

வேட்டி முதலாளியின் துணிக்கடையைக் கண்டுபிடித்தோம். நடுவயசுக்காரர். தன் அப்பாவுக்குத் தென்காசிப் பக்கம் என்றார். தெருவில் எல்லோரையும்போல அவரும் கடை அடைக்கிற மும்முரத்தில் இருந்தார். வாட்சைக் கல்லாப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டியிருந்தார்.

"தப்பா நினைக்கண்டாம் சேச்சி. உங்களோடதுதான்னு எனக்கு எப்படித் தெரியும்? காலையில இருந்து ரெண்டு பேரு வந்து அவங்க வாட்ச்னு சொல்லியாச்சு. சாமி வாசல்ல கிடைச்ச சாமானம், ஆள் மாறிக் கொடுத்தா பாவம் அல்லே?"

நியாயம்தான். குமாரைக் கூப்பிட்டேன். "அங்க இருந்து அதை ஒண்ணு சத்தம் போட வை" என்றேன். போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, முதலாளியும் நானும் கல்லாப் பெட்டியையே பார்த்து நின்றோம். ஒன்றும் நடக்கவில்லை. "சிக்னல் தேடுது அத்தை, பொறுங்க" என்றான் குமார். திடீரென்று பெட்டிக்குள்ளிருந்து 'கிணிங் கிணிங்' என்று கேட்டது. "என்றம்மோ!" என்று முதலாளி துள்ளியே விட்டார். பெட்டியைத் திறந்து, வாட்சை ஒரு கைத்துண்டால் துடைத்து, இரண்டு கையாலும் என்னிடம் கொடுத்தார்.

"கிடைச்சுட்டா? சந்தோஷம். உடனே அப்பா கையில கட்டுங்க அத்தை. நான் இங்க புள்ளியைப் பாத்துட்டு நிக்கேன்" என்றான் குமார்.

நான் திரும்பினேன். அண்ணன் இல்லை.

கடைக்குள் இல்லை, வாசலில் இல்லை. தெருவில் இரண்டு பக்கமும் ஆட்கள், கைவண்டிகள், மடக்கிய குடைகள். புள்ளி இருக்கிறது, ஆள் இல்லை. துபாயில் ஒருவன் அந்தப் புள்ளியைப் பார்த்து, அப்பா பத்திரமாக இருக்கிறார் என்று நிம்மதியாக மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறான். ஒரு நிமிஷம் அவனை அப்படியே விட்டுவிடலாமா என்று நினைத்தேன். முடியவில்லை.

"குமாரே. வாட்ச் என் கையில இருக்கு. அப்பாவைக் காணல."

கோயம்புத்தூர் என்று இப்போது சொல்லப்போகிறான் என்று நானே முந்திக்கொண்டேன். "நல்ல கூட்டம் மக்கா, எல்லாரும் கடை அடைக்காங்க, எந்தப் பக்கம் போனான்னு தெரியல..."

"எல்லாரும் கடை அடைக்காங்களா?" என்றான் குமார்.

"ஆமா."

"அப்ப அப்பாவும் கடை அடைக்கத்தான் போயிருப்பாங்க. நம்ம கடைக்குப் போங்க அத்தை. ஓடுங்க!"

ஓடினேன். அறுபத்து சொச்சம் வயதில் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஆரியசாலையில் ஓடினேன். ஆனால் கடை எது? எனக்குப் புத்தி தெளிவாகத்தான் இருக்கிறது, டாக்டர் எந்த மருந்தும் தரவில்லை, ஆனாலும் பிறந்து வளர்ந்த தெருவில் எங்கள் கடை எனக்குத் தெரியவில்லை. கடை அடைக்கும் மர நிரைப்பலகைகள் இருந்த இடமெல்லாம் ஷட்டர். ஓடு இருந்த இடமெல்லாம் தகரம். பிளாஸ்டிக் நாற்காலி, போன் உறை, பேட்டரி என்று என்னென்னவோ போர்டுகள். ஒரு தடவை தாண்டிப் போய்த் திரும்பி வந்தேன். கடையை நான் கண்டுபிடிக்கவில்லை. அண்ணனைத்தான் கண்டுபிடித்தேன். அவன் நின்ற இடம் எங்கள் கடை.

ஏதோ பிளாஸ்டிக் சாமான் அடுக்கிவைக்கும் கிட்டங்கி. அடைத்துவிட்டு ஆட்கள் போயிருந்தார்கள். கீழே குனிந்து ஷட்டர் பூட்டில் ஒரு கையை வைத்தபடி அண்ணன் நின்றான். மழைத் தூறலில் தலை நனைந்திருந்தது. போகிற வருகிறவர்களை எல்லாம் பார்த்துக்கொண்டு, யாருக்கோ காத்திருந்தான்.

என்னைக் கண்டதும் கோபம் வந்தது அவனுக்கு. "எங்கட்டி போயிருந்த? எம்புட்டு நேரமா நிக்கேன்! நான் இழுத்துப் பாத்தாச்சு. நீ இழுக்காண்டாமா?"

குனிந்து அந்தப் பூட்டைப் பிடித்து, யாருடையதோ, ஒரு இழுப்பு இழுத்தேன். "கெட்டியா இருக்கு அண்ணே" என்று சொல்லிவிட்டு நடுத்தெருவில் அழுதேன். அவன் இடுப்பைத் தட்டிப் பார்த்து, "அப்ப வா, வீட்டுக்குப் போலாம். அம்மை தேடுவா" என்றான்.

"இன்னும் ஒரு பூட்டு பாக்கி இருக்கு அண்ணே" என்று வாட்சை எடுத்தேன். விலங்கு என்று கையை இழுத்துக்கொள்வான் என்று பயந்தேன். அவன் கையை நீட்டினான். நான் கொக்கியை மாட்டினேன். மற்றக் கையால் பட்டையைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்தான். பிறகு கையை என் பக்கம் நீட்டியபடி நின்றான். நானும் இழுத்தேன்.

போனில் குமார் இன்னும் இருந்தான். எப்போதிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தானோ தெரியாது.

"அத்தை, புள்ளி இப்ப நம்ம கடை மேல நிக்குது. வாட்ச் மட்டுமா, அப்பாவுமா?"

"ரெண்டும்" என்றேன்.

மறுநாளும் விழிஞ்ஞம் போகவில்லை. அண்ணனோடு சாலைக் கடைத்தெருவுக்கே மறுபடி போய், ஒரு பெரிய தொங்கு பூட்டு வாங்கினேன். விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்து காட்டச் சொன்னார்கள். ஒரு பூட்டை இரண்டு சேலைக்கு நடுவில் பொதிந்து கொண்டுபோகும் பெண்ணை அந்த அதிகாரி முன்பு பார்த்ததில்லை போலிருக்கிறது.

எங்கள் சிங்கப்பூர் வீட்டு மரக்கதவுக்கு வெளியே ஒரு இரும்புக் கிராதி உண்டு. இப்போது அதில் அந்தப் பூட்டு தொங்குகிறது. சாயங்காலம் அண்ணன் பூட்டுகிறான், இழுக்கிறான், நான் இழுக்கிறேன். பிறகு கையை நீட்டுகிறான், வாட்ச் கொக்கியையும் இருவரும் இழுத்துப் பார்க்கிறோம். அதற்குப் பிறகு அவன் லிஃப்ட் பக்கம் போவதில்லை. நான் அடுப்பில் வேலையாக இருந்து மறந்தால் கையை நீட்டியபடியே அடுக்களை வாசலில் நிற்கிறான்.

குமார் அந்தப் பச்சைச் சுவர் படங்களைப் பற்றி இப்போதெல்லாம் பேசுவதில்லை. தினமும் அந்த நேரத்துக்கு மட்டும் துபாயிலிருந்து கூப்பிடுகிறான். அப்பா எங்கே என்று கேட்பதில்லை, அதுதான் போனில் தெரிகிறதே. "அத்தை, ரெண்டு பேரும் இழுத்துப் பாத்தாச்சா?" என்று கேட்கிறான். ஆச்சு என்று சொன்ன பிறகுதான் வைக்கிறான்.